சேலம்–நாமக்கல் சமவெளியில் சிலிண்டர் ஹெட் வேலை: ஒரு தொழிலின் வரலாறு

சிலிண்டர் ஹெட் என்பது எஞ்சினின் மேல்மூடி. காற்று உள்ளே வரும் வழியும் (இன்டேக்) எரிந்த புகை வெளியேறும் வழியும் (எக்ஸாஸ்ட்) அந்த வார்ப்புக்குள்ளேயே அமைந்திருக்கும். இந்த வழிகளுக்குப் போர்ட் என்று பெயர். ஒவ்வொரு போர்ட்டின் வாயிலும் ஒரு வால்வு, வால்வு வந்து அமர ஒரு சீட், வால்வின் தண்டு ஏறி இறங்க ஒரு கைடு. எஞ்சின் எவ்வளவு எரிபொருளை எரிக்க முடியும் என்பதை அது இழுக்கும் காற்றின் அளவுதான் தீர்மானிக்கிறது. பழைய புகை முழுதாக வெளியேறாவிட்டால் புதிய காற்றுக்கு உள்ளே இடமில்லை. அதனால் எஞ்சினின் இழுவை, டீசல் செலவு, சூடு, ஆயுள் எல்லாமே ஹெட்டில் வந்து முடிகின்றன.

போர்ட்டின் உட்புறத்தைக் குடைந்து, வளைவைத் திருத்தி, வார்ப்பின் சொரசொரப்பை நீக்கி, காற்றும் புகையும் தடையின்றிப் போகச் செய்வதற்குப் போர்ட்டிங் என்று பெயர். உலகின் பல பகுதிகளில் இது மோட்டார் பந்தயத்தோடு வளர்ந்த கலை. சேலம்–நாமக்கல் சமவெளியில் ஹெட் வேலையை வளர்த்தது பந்தயம் அல்ல. பாரம் ஏற்றிய லாரி. இங்கே பட்டறைக்காரர்கள் தேடியது வேகத்தை அல்ல, மேட்டில் திணறாத இழுவையையும் லிட்டருக்குக் கிடைக்கும் கிலோமீட்டரையும். ஆகவே எஞ்சினுக்குப் பிறவியில் இருந்த மூச்சை அதற்கே மீட்டுத் தருவதுதான் இந்த ஊர்களின் ஹெட் வேலைக்கு அடிப்படையாக அமைந்தது.

பெட்ரோல் பஸ்ஸும் கரிவாயுவும்

முதல் உலகப் போருக்குப் பின் சென்னை மாகாணம் முழுவதும் மோட்டார் பஸ் பரவியது. 1920-ல் ஜி.டி.நாயுடு பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒற்றைப் பஸ்ஸுடன் தொழில் தொடங்கினார். கொங்கு நாட்டில் பஸ் முதலாளியும் மெக்கானிக்கும் ஒரே ஆளாக இருந்த காலம் அது. ஜெனரல் மோட்டார்ஸ் 1928-ல் பம்பாயில் வண்டிகளைப் பூட்டத் தொடங்கிய பிறகு செவர்லே சேசிகள் எளிதாகக் கிடைத்தன. 1929 முதல் வந்த செவர்லே ஆறு சிலிண்டர் எஞ்சினில் வால்வுகள் ஹெட்டிலேயே இருந்தன. அதே காலத்து ஃபோர்டு எஞ்சின்களில் வால்வுகள் பிளாக்கின் பக்கவாட்டில் இருந்தன; அவற்றின் ஹெட் வெறும் மூடிதான். செவர்லேயின் ஹெட்டைக் கழற்றியவனோ, போர்ட், வால்வு, சீட், கைடு, ராக்கர் என்ற முழுக் குடும்பத்தையும் ஒரே நேரத்தில் கையில் எடுத்தான்.

அக்காலப் பெட்ரோலும் எஞ்சின் ஆயிலும் கரியை நிறையப் படியவிட்டன. சில ஆயிரம் மைல்களுக்கு ஒருமுறை ஹெட்டைக் கழற்றிக் கரியைச் சுரண்டி, வால்வை அரைத்து மீண்டும் பூட்ட வேண்டும். டீகார்பன் எனப்பட்ட இந்த வேலையே மோட்டார் பட்டறைகளின் வாடிக்கையான வருமானம்.

இரண்டாம் உலகப் போர் இந்த வேலையைப் பன்மடங்காக்கியது. பெட்ரோலுக்கு ரேஷன் வந்தது. பஸ்களின் பின்புறத்தில் உருளை அடுப்புகள் ஏறின. அடுப்பில் மரக்கரி கனன்று, குறைந்த காற்றில் எரிந்து, கார்பன் மோனாக்சைடு கலந்த வாயுவைத் தந்தது. அந்த வாயுவே எஞ்சினுக்கு எரிபொருள். பெட்ரோலோடு ஒப்பிட்டால் கரிவாயுவில் எஞ்சினின் சக்தி ஏறக்குறைய பாதியாகக் குறையும். மேட்டில் பயணிகள் இறங்கித் தள்ளிய கதைகள் தமிழகம் முழுவதும் வழங்குவதற்குக் காரணம் இதுதான்.

சக்தி குறைந்ததற்கு இரண்டு காரணங்கள். கரிவாயு இடத்தை அடைத்துக்கொள்வதால் சிலிண்டருக்குள் காற்று குறைவாகவே போகிறது. அந்த வாயு மெதுவாகவும் எரிகிறது. ஹெட்டின் அடிமுகத்தைச் சீவி எரியறையைச் சிறிதாக்கி அழுத்தத்தைக் கூட்டுவது ஒரு பரிகாரம். போர்ட்டிலும் வால்விலும் படியும் தாரையும் சாம்பலையும் அடிக்கடி அகற்றுவது இன்னொன்று. வடிகட்டி சரியில்லாத வண்டியில் இன்டேக் போர்ட் பாதி அடைபட்டுப் போகும். எரிபொருள் அதேதான், வண்டியும் அதேதான். வழி அடைபட்டதாலேயே வண்டி நகரவில்லை என்பதைக் கண்ணால் காண வைத்தது கரிவாயுக் காலம்.

கிணற்று மேட்டில் ஆயில் எஞ்சின்

மேட்டூர் அணை 1934-ல் முடிந்தது. 1937-ல் அங்கே மின் உற்பத்தி தொடங்கியது. ஆனால் மின்கம்பி தோட்டம் தோட்டமாகப் போய்ச் சேரப் பல பத்தாண்டுகள் பிடித்தன. அந்த இடைவெளியில் கிணற்றுப் பாசனத்தை ஏற்றத்திலிருந்தும் கவலை இறைப்பிலிருந்தும் மாற்றியது ஆயில் எஞ்சின். சதாராவின் கூப்பர், பூனாவில் 1946-ல் நிறுவப்பட்ட கிர்லோஸ்கர் ஆயில் எஞ்சின்ஸ் ஆகியவற்றின் ஒற்றைச் சிலிண்டர் எஞ்சின்கள் கிணற்று மேடுகளில் துடித்தன.

மெதுவாகச் சுற்றும் இந்த எஞ்சின்கள் கற்றுக்கொள்வதற்கு ஏற்றவை. ஒரே ஹெட், இரண்டே வால்வுகள். சில நட்டுகளைக் கழற்றினால் ஹெட் கையோடு வந்துவிடும். வால்வு சரியாக அமராவிட்டால் கைப்பிடியைச் சுற்றும்போதே அழுத்தம் குறைவது கைக்குத் தெரியும். வால்வை அரைத்து மாட்டிய பின் அதே கைப்பிடி கனக்கும். எஞ்சினின் அழுத்தத்தை மீட்டர் இல்லாமல் கையால் அளக்கக் கற்ற உழவர் குடும்பத்துப் பையன்கள், பின்னாளில் லாரிப் பட்டறைகளுக்குப் போகும்போது ஓர் அடிப்படைப் பாடத்தை முடித்தவர்களாகவே போனார்கள்.

டீசல் லாரியின் வருகை

சுதந்திரத்துக்குப் பின் பத்தாண்டுகளுக்குள் சாலையின் முகம் மாறியது. ரகுநந்தன் சரண் 1948-ல் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ், பிரிட்டனின் லேலண்டுடன் சேர்ந்து 1955-ல் அசோக் லேலண்ட் ஆனது; எண்ணூரிலிருந்து காமெட் லாரிகள் வந்தன. ஜாம்ஷெட்பூரில் டாடாவும் மெர்சிடிஸ் பென்சும் 1954-ல் கைகோத்தன. 1969-ல் அந்த ஒப்பந்தம் முடியும் வரை முகப்பில் பென்ஸ் நட்சத்திரம் இருந்தது. 1950களில் சென்னை சிம்சன் நிறுவனம் தயாரித்த பெர்கின்ஸ் பி6 டீசல் எஞ்சின், பெட்ரோலில் ஓடிய பழைய லாரிகளிலும் பஸ்களிலும் ஏறியது. பெட்ரோல் எஞ்சினை இறக்கிவிட்டு டீசல் எஞ்சினைப் பொருத்துவது அந்தப் பத்தாண்டின் பெரிய பட்டறை வேலை.

டீசல் எஞ்சினில் ஹெட்டின் பொறுப்பு கூடுகிறது. தீப்பொறி இல்லாததால், காற்றை நெரிப்பதில் கிடைக்கும் சூட்டில்தான் டீசல் பற்றிக்கொள்ள வேண்டும். வால்வு கொஞ்சம் கசிந்தாலும் அந்தச் சூடு எழாது. காலையில் ஸ்டார்ட் ஆகாது. ஸ்டார்ட் ஆனாலும் வெள்ளைப் புகை தள்ளும். பெட்ரோல் எஞ்சினில் தள்ளிப்போடக்கூடிய வால்வு வேலை, டீசலில் உடனே செய்தாக வேண்டியதாகிவிட்டது.

லாரி ஊர்கள் எழுந்த விதம்

சேலம் மாவட்டம் அன்று மிகப் பெரிது. 1965-ல் தருமபுரியும் 1997 ஜனவரி 1 அன்று நாமக்கல்லும் தனி மாவட்டங்களாயின. மழை குறைந்த, கிணறுகளை நம்பிய நாமக்கல், திருச்செங்கோடு, சங்ககிரி, ராசிபுரம் பகுதிகளில் நிலத்தை மட்டும் நம்பிப் பிழைக்க முடியாத குடும்பங்கள் சாலையை நம்பின. நிலத்தை அடகு வைத்து ஒரு லாரி, அது கடன் அடைத்ததும் இன்னொன்று என்று தொழில் பெருகியது. ஓட்டுநராகவோ கிளீனராகவோ தொடங்கியவர்கள் உரிமையாளர்களானார்கள்.

ஏற்றப் பாரமும் பக்கத்திலேயே இருந்தது. சேலம் சுண்ணாம்புக் கரட்டில் மேக்னசைட். சங்ககிரியில் 1963-ல் தொடங்கிய இந்தியா சிமெண்ட்ஸ் ஆலை. ஏற்காட்டிலிருந்தும் கொல்லிமலையிலிருந்தும் மேட்டூர் மால்கோ அலுமினிய ஆலைக்கு இறங்கிய பாக்சைட். ஆத்தூர், ராசிபுரம் வட்டாரத்திலிருந்து வடநாட்டுக்குப் போன ஜவ்வரிசி. பிறகு நாமக்கல் முட்டை. செவ்வாய்ப்பேட்டையும் லீ பஜாரும் சரக்குச் சந்தைகளாக இருந்தன. நாமக்கல்லில் லாரி பாடி கட்டும் தொழில் வேரூன்றி, பிற மாநிலங்களிலிருந்தும் சேசிகளை வரவழைத்தது. சமையல் எரிவாயு டேங்கர் லாரிகளின் தென்னிந்திய மையமாகவும் நாமக்கல் உயர்ந்தது.

இந்தச் சாலைகள் எஞ்சினைச் சோதிப்பவை. சேலம் நகரம் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 280 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. பெங்களூர் 900 மீட்டருக்கு மேல். பெங்களூருக்குப் பாரம் ஏற்றிப் போகும் லாரி தொப்பூர் கணவாயில் ஏறியாக வேண்டும். பாக்சைட் ஏற்ற வந்த லாரி ஏற்காட்டின் 20 கொண்டை ஊசி வளைவுகளையோ கொல்லிமலையின் 70 வளைவுகளையோ கடந்தாக வேண்டியிருந்தது. மேலே போகப் போகக் காற்றின் அடர்த்தி குறைகிறது. பெங்களூர் உயரத்தில் எஞ்சினுக்குக் கிடைக்கும் காற்று, கடல் மட்டத்தில் கிடைப்பதைவிட ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு குறைவு. வால்வு தேய்ந்த எஞ்சின் சமவெளியில் தன் குறையை மறைத்துவிடும். கணவாயில் மறைக்க முடியாது. கரும்புகை தள்ளும், ரேடியேட்டர் கொதிக்கும், வண்டி முதல் கியரில் ஊரும்.

இந்தத் தேவையை நம்பி லேத் பட்டறைகள் பெருகின. சிலிண்டர் போரிங், கிராங்க் கிரைண்டிங், ஹெட் ஃபேசிங், டீசல் பம்ப், டீசலைப் பீய்ச்சும் நாசில் என்று வேலைகள் பிரிந்தன. ஒரே தெருவில் ஒருவர் ஹெட் மட்டும் செய்வார், இன்னொருவர் பம்ப் மட்டும். 1973-ல் சேலத்தில் அண்ணா போக்குவரத்துக் கழகம் உருவானபோது, அதன் பணிமனைகளும் எஞ்சின் வேலையைப் பிரிவு பிரிவாகச் செய்யும் இடங்களாயின. சேலம் அரசு பொறியியல் கல்லூரி 1966-ல் வந்தது. ஆனாலும் ஹெட் வேலை பெரும்பாலும் பட்டறையில் குருவிடமிருந்து சிஷ்யனுக்கே போயிற்று. கையால் உணர வேண்டிய அளவுகள் அதில் மிகுதி.

பட்டறை மேசையில் ஒரு ஹெட்

லாரி ஹெட் பட்டறைக்கு வரும்போது கரி பிடித்துக் கறுத்திருக்கும். முதலில் ஸ்பிரிங்கை அழுத்தி, காட்டர் எனப்படும் இரு சிறு பிளவுப் பூட்டுகளை எடுத்து, வால்வுகளைக் கழற்றுவார்கள். எந்த வால்வு எந்த சிலிண்டருடையது என்று வரிசை மாறாமல் வைப்பது முதல் ஒழுங்கு. ஹெட்டை டீசலிலோ காரத் தண்ணீரிலோ ஊறவைத்துக் கரியைச் சுரண்டிய பிறகே உண்மை நிலை தெரியும். எக்ஸாஸ்ட் சீட்டில் குழிகள், இரண்டு வால்வுகளுக்கு நடுவே தலைமுடி போன்ற விரிசல், தேய்ந்து அகன்ற கைடு ஆகியவை வழக்கமான மூன்று நோய்கள்.

கைடைத்தான் முதலில் பார்க்க வேண்டும். புது வால்வை அதில் நுழைத்து, தலையைப் பிடித்து ஆட்டினால் ஆட்டம் தெரியும். ஆடும் கைடை வைத்துக்கொண்டு சீட்டை எவ்வளவு அழகாக வெட்டினாலும் பயனில்லை. வால்வு ஒவ்வொரு முறையும் வேறு இடத்தில் அமரும். கைடை மாற்றி ரிமர் போட்ட பிறகு, அந்தக் கைடின் துளையையே மையமாகக் கொண்டு சீட்டை வெட்டுவார்கள். அமரும் முகம் பெரும்பாலான எஞ்சின்களில் 45 டிகிரி. அதன் மேல் விளிம்பை 30 டிகிரியிலும் கீழ் விளிம்பை 60 டிகிரியிலும் வெட்டினால் அமரும் முகம் ஒல்லியான வளையமாக நிற்கும். எக்ஸாஸ்டில் அந்த வளையம் சற்று அகலமாக இருக்க வேண்டும். வால்வின் சூடு பெரும்பகுதி அந்த வளையத்தின் வழியேதான் ஹெட்டுக்கும், அங்கிருந்து தண்ணீருக்கும் இறங்குகிறது. வளையம் மெலிந்தால் வால்வு எரிந்துவிடும்.

சீட் குழிந்து போயிருந்தால் பழைய உலோகத்தைக் குடைந்தெடுத்து, கடினமான உலோக வளையம் ஒன்றை இறுக்கமாக அடித்து ஏற்றுவார்கள். பிறகு வால்வின் முகத்தில் லாப்பிங் பேஸ்ட் தடவி, ரப்பர் உறிஞ்சி பொருத்திய குச்சியால் இரு உள்ளங்கைகளுக்கு நடுவே உருட்டி அரைப்பார்கள். தொடக்கத்தில் பேஸ்ட் கரகரக்கும். முகங்கள் பொருந்தப் பொருந்த ஓசை அடங்கும். துடைத்துப் பார்த்தால் வளையம் முழுவதும் ஒரே சாம்பல் நிறத்தில், அறுபடாமல் இருக்க வேண்டும்.

கடைசிச் சோதனைக்கு மண்ணெண்ணெய். வால்வையும் ஸ்பிரிங்கையும் பூட்டி, ஹெட்டைக் கவிழ்த்து எரியறைப் பக்கத்தில் மண்ணெண்ணெய் ஊற்றுவார்கள். சற்று நேரம் கழித்துப் போர்ட்டுக்குள் விரல் விட்டுப் பார்த்தால் ஈரம் இருக்கக் கூடாது. டீசல் ஹெட்டில் இன்னொரு கணக்கும் உண்டு. பிஸ்டன் மேலே வரும்போது அதற்கும் ஹெட்டுக்கும் உள்ள இடைவெளி ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர்தான். ஹெட்டின் முகத்தைச் சீவினால் வால்வின் தலையும் நாசிலின் முனையும் அந்த அளவுக்குக் கீழே இறங்கிவிடும். அதைக் கணக்கிடாமல் பூட்டினால் வால்வு பிஸ்டனில் இடிக்கும். எவ்வளவு சீவினோமோ அவ்வளவு சீட்டையும் தாழ்த்த வேண்டும் என்பது நல்ல பட்டறைகளின் விதி.

உலகப் போர்ட்டிங் கலையின் சாரம் இந்த வேலைக்குள்ளேயே இருக்கிறது. வால்வு கொஞ்சமாகத் திறந்திருக்கும்போது காற்றோட்டத்தைத் தீர்மானிப்பது போர்ட்டின் பருமன் அல்ல, சீட்டுக்கும் வால்வுக்கும் நடுவே உள்ள வளைய இடைவெளி. வால்வு தன் விட்டத்தில் கால் பங்கு உயர்ந்தால்தான் அந்த இடைவெளியின் பரப்பு வால்வு வாயின் பரப்புக்குச் சமமாகிறது. 40 மில்லிமீட்டர் வால்வுக்கு அது 10 மில்லிமீட்டர். அதுவரை சீட்டின் கோணங்களே ஆட்சி செய்கின்றன. பிரிட்டனின் ஹாரி வெஸ்லேக், போர்ட் வழியே காற்றைச் செலுத்தி அளந்து ஹெட்டுகளை வடிவமைத்துப் புகழ்பெற்றவர். ஜாகுவாரின் எக்ஸ்கே எஞ்சின் ஹெட்டில் அவருடைய பங்கு உண்டு. போர்ட்டைப் பெரிதாக்குவதைவிட அதன் வளைவையும் சீட்டையும் ஒழுங்காக்குவதே முக்கியம் என்பது காற்றை அளக்கும் கருவிகள் மெய்ப்பித்த பாடம். சேலத்துப் பட்டறைகள் கைடையும் சீட்டையும் முதலில் பார்த்ததும் இதே பாடத்தின்படிதான்.

டீசல் ஹெட்டைக் குடையாத காரணம்

போர்ட்டைக் குடைந்தால் காற்று கூடும் என்றால், லாரிக்காரர்கள் ஏன் எல்லா ஹெட்டையும் குடையவில்லை? காரணம் டீசல் எரியும் முறையிலேயே இருக்கிறது.

பெர்கின்ஸ் பி6, முதல் தலைமுறை டாடா–பென்ஸ் எஞ்சின்களில் டீசல் ஒரு சிறு முன்னறையில் பற்றி, அங்கிருந்து சிலிண்டருக்குள் பாய்ந்தது. காற்றையும் டீசலையும் கலக்கும் வேலையை அந்த முன்னறை பார்த்துக்கொண்டது. டீசலை நேரே பிஸ்டன் தலையில் உள்ள குழிக்குள் பீய்ச்சும் முறையில் முன்னறை இல்லை. கலக்கும் வேலையின் பெரும்பங்கு உள்ளே வரும் காற்றின் சுழற்சிக்கு உரியது. அதற்காகவே இன்டேக் போர்ட்டைச் சுருள் வடிவிலோ சாய்வாகவோ வார்க்கிறார்கள். காற்று சிலிண்டருக்குள் சுழன்றபடியே இறங்குகிறது.

அந்த வளைவைத் தடை என்று எண்ணி யாராவது நேராக்கினால் காற்று அதிகம் போகும், ஆனால் சுழலாது. டீசல் கலக்காமல் கரும்புகையாக வெளியேறும். இழுவை குறையும், மைலேஜும் குறையும். ஆகவே டீசல் ஹெட்டில் இன்டேக் போர்ட்டைக் கழுவிச் சுத்தம் செய்வதோடு நிறுத்துவதே சரியான வேலை. எக்ஸாஸ்ட் பக்கத்தில் கொஞ்சம் சுதந்திரம் உண்டு. வார்ப்பின் பிசிறுகளை எடுக்கலாம். மேனிஃபோல்டின் வாயும் போர்ட்டின் வாயும் ஒன்றையொன்று மறைக்காதபடி கேஸ்கெட்டை வைத்துக் குறித்துச் சமப்படுத்தலாம். எக்ஸாஸ்ட் போர்ட்டை வழவழப்பாக்கினால் கரி சீக்கிரம் படியாது. லாரி எஞ்சினுக்கு நன்மை தரும் போர்ட்டிங் அவ்வளவுதான். அதற்கு மேல் எடுத்தால், தண்ணீர் ஓடும் அறைக்கும் போர்ட்டுக்கும் நடுவே உள்ள சுவர் மெலிந்து, சூட்டில் வெடிக்கும்.

ஆழ்துளைக் கிணறு தோண்டும் திருச்செங்கோட்டு ரிக் வண்டிகள் இந்த எல்லையை இன்னும் கடுமையாக உணர்த்தின. 1966–67 பீகார் வறட்சியின்போது யுனிசெஃப் விமானத்தில் கொண்டுவந்த கருவிகளோடு, கடினப் பாறையைக் காற்றழுத்தச் சுத்தியலால் துளைக்கும் முறை இந்தியாவில் பரவத் தொடங்கியது. அந்தத் தொழிலைக் கைப்பற்றி நாடெங்கும் கொண்டுபோன ஊர் திருச்செங்கோடு. அதன் ரிக்குகள் ஆப்பிரிக்க நாடுகள் வரை போயின. லாரி எஞ்சினுக்கு இறக்கத்தில் ஓய்வு உண்டு. ரிக்கின் கம்ப்ரசரை ஓட்டும் எஞ்சினுக்கு ஓய்வில்லை. துளை போட்டு முடியும் வரை முழுப் பாரத்தில், ஒரே வேகத்தில், வெயிலில் நின்றபடியே ஓட வேண்டும். எக்ஸாஸ்ட் வால்வும் அதைச் சுற்றிய இரும்பும் மணிக்கணக்கில் தணலாய் இருக்கும். இத்தகைய எஞ்சினில் சீட்டின் அகலமும் தண்ணீர் வழியின் சுத்தமுமே ஹெட்டின் ஆயுளை முடிவு செய்கின்றன.

பைக்கும் வீட்டு வாசல் பட்டறையும்

போர்ட்டிங் என்ற சொல் இளைஞர்களின் நாவில் ஏறியது 1980களில், டூ-ஸ்ட்ரோக் பைக்குகளோடு. அதன் முன்கதை கிழக்கு ஜெர்மனியில் தொடங்குகிறது. எம்.இசட். நிறுவனத்தின் வால்டர் காடன், எக்ஸாஸ்ட் குழாயில் திரும்பி வரும் அழுத்த அலையைக் கொண்டே சிலிண்டருக்குள் புதுக் கலவையைத் தடுத்து வைக்கும் முறையை 1950களில் செப்பம் செய்தார். அவருடைய பந்தய வீரர் எர்ன்ஸ்ட் டெக்னர் 1961-ல் மேற்குக்குத் தப்பி சுசூகியில் சேர்ந்தார். 1962-ல் 50 சிசி உலகப் பட்டத்தை சுசூகிக்காக வென்றார். அந்த அறிவு ஜப்பானிய நிறுவனங்களின் சாதாரணப் பைக்குகள் வரை இறங்கியது. 1984-ல் ஓசூரிலிருந்து இந்த்–சுசூகி ஏஎக்ஸ்100 வந்தது. 1985-ல் எஸ்கார்ட்ஸ் நிறுவனம் யமஹா ஆர்எக்ஸ்100-ஐக் கொண்டுவந்தது. 98 சிசி, 11 குதிரைத்திறன்; எடை குறைவு. மைசூரின் ஜாவாவும் யெஸ்டியும் ஏற்கெனவே சாலையில் இருந்தன.

இவற்றின் ஹெட்டில் வால்வு கிடையாது. ஹெட் வெறும் மூடி. போர்ட்டுகள் எல்லாம் சிலிண்டர் பிளாக்கின் சுவரில் திறந்த சன்னல்கள். பிஸ்டனே அவற்றைத் திறந்து மூடுகிறது. அதனால் லாரி ஹெட்டுக்கு வேண்டிய கருவிகள் இதற்குத் தேவையில்லை. ஒரு ஹேண்ட் கிரைண்டர், சில பர்கள், எமரித் தாள், ஒரு வெர்னியர் இருந்தால் வீட்டு வாசலிலேயே வேலை நடக்கும். எக்ஸாஸ்ட் சன்னலின் மேல் விளிம்பை ஒரு மில்லிமீட்டர் உயர்த்தினால் புகை சீக்கிரம் வெளியேறும். உயர்ந்த வேகத்தில் சக்தி கூடும். அதே அளவுக்குத் தாழ்ந்த வேகத்தில் இழுவை குறையும். சன்னலை அளவுக்கு மீறி அகலப்படுத்தினால் பிஸ்டன் ரிங் அதில் சிக்கி உடையும். வெட்டிய விளிம்பைச் சரிக்காமல் விட்டாலும் அதே கதிதான். எடுத்த உலோகத்தைத் திரும்ப வைக்க முடியாது என்பதால், பிளாக்கைக் கெடுத்தவர் புது பிளாக்குக்குப் பணம் தேட வேண்டியிருந்தது.

தமிழகத்தில் இந்தக் கலைக்குப் பந்தயக் களமும் இருந்தது. சென்னைக்கு வடக்கே சோழவரத்தின் கைவிடப்பட்ட விமான ஓடுபாதையில் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் பல பத்தாண்டுகள் பந்தயம் நடத்தியது. 1990-ல் இருங்காட்டுக்கோட்டையில் தனித் தடம் திறந்தது. கோவையில் எஸ்.கரிவரதன் பந்தயக் கார்களை உள்ளூரிலேயே வடிவமைத்தார். 1995-ல் வான்விபத்தில் இறந்தார். சென்னை, கோவை, பெங்களூர் ஆகிய மூன்று பந்தய நகரங்களுக்கும் நடுவே இருந்தும், சேலத்தில் பந்தயத் தடம் உருவாகவில்லை. இங்கே போர்ட்டிங் ஒரு தொழிலாக நிலைக்கவில்லை. பைக் மெக்கானிக்குகளின் ஓய்வுநேரக் கைவேலையாகவே இருந்தது.

சட்டமும் புகை அளவும்

டூ-ஸ்ட்ரோக்கின் குறையும் அதன் போர்ட்டிலேயே இருந்தது. எக்ஸாஸ்ட் சன்னலும் புதுக் கலவை வரும் சன்னலும் ஒரே நேரத்தில் திறந்திருப்பதால், எரியாத பெட்ரோலில் ஒரு பங்கு நேரே வெளியேறுகிறது. இந்தியாவில் பெட்ரோல் வண்டிகளுக்கு 1991-லும் டீசல் வண்டிகளுக்கு 1992-லும் புகை விதிகள் வந்தன. 1996-லும் 2000-லும் இறுகின. ஆர்எக்ஸ்100-ம் யெஸ்டியும் 1996-ல் நின்றன.

வண்டியில் மாற்றம் செய்வதை 1939-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டமே கட்டுப்படுத்தியது. 1988-ம் ஆண்டுச் சட்டத்தின் 52-ம் பிரிவு, 2000-ல் திருத்தப்பட்ட பிறகு, தயாரிப்பாளரின் மூல அளவுகளுக்கு மாறான மாற்றத்தைத் தடுக்கிறது. 2019 திருத்தம் உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் என்று தண்டனை வகுத்தது. பந்தயத் தடத்துக்கு மட்டுமே உரிய வண்டியின் கதை வேறு. சாலையில் ஓடும் வண்டியின் புகை வழியை மாற்றி அமைப்பது இன்று சட்டத்துக்கு எதிரான ஆபத்து.

லாரியிலும் ஹெட்டின் இடம் மாறியது. டர்போ வந்த பின் காற்றை எஞ்சின் தானே இழுக்க வேண்டியதில்லை. வெளியேறும் புகையே ஒரு சக்கரத்தைச் சுழற்றிக் காற்றை உள்ளே தள்ளுகிறது. காமன் ரெயில் முறையில் டீசலை எப்போது, எவ்வளவு பீய்ச்சுவது என்பதைக் கணினி தீர்மானிக்கிறது. 2017 ஏப்ரலில் நாடு முழுவதும் பாரத் ஸ்டேஜ் 4, 2020 ஏப்ரலில் பாரத் ஸ்டேஜ் 6 நடைமுறைக்கு வந்தன. இன்றைய லாரியின் எக்ஸாஸ்ட் குழாயில் கரிவடிகட்டியும் யூரியாக் கரைசல் பீய்ச்சும் அமைப்பும் உணரிகளும் இருக்கின்றன. புகையின் போக்கில் சிறு மாற்றம் வந்தாலும் உணரி கண்டுபிடித்து எஞ்சினின் சக்தியைக் குறைத்துவிடும். பட்டறைகளின் வேலையில் ஒரு பகுதி கம்பெனி சர்வீஸ் நிலையங்களுக்குப் போய்விட்டது.

ஆனால் வால்வும் சீட்டும் மறையவில்லை. பாரத் ஸ்டேஜ் 6 எஞ்சினின் வால்வும் தேயும், கைடும் ஆடும், சீட்டும் குழியும். அதைச் சரிசெய்யும் முறை செவர்லே பஸ் காலத்தில் இருந்ததுதான்: கைடை நேராக்கி, கோணம் பிசகாமல் வெட்டி, கசிவு இல்லை என்று உறுதி செய்வது. நூறாண்டு மோட்டார் அனுபவம் சேலம்–நாமக்கல் சமவெளிக்குக் கற்றுத்தந்த முடிவு தெளிவானது. உழைக்கும் எஞ்சினுக்கு, பெரிதாகக் குடைந்த போர்ட்டைவிடச் சரியாக வெட்டிய சீட்டே அதிக நன்மை தரும். இந்த அறிவின் பெரும்பகுதி இன்னும் எழுத்தில் ஏறவில்லை. மூத்த மிஸ்திரிகளின் கையிலும் காதிலும் இருக்கிறது. தொழிற்பயிற்சி நிலையங்களும் பாலிடெக்னிக்குகளும் அதைத் தமிழில் பதிவு செய்து பாடமாக்க வேண்டும். அந்த மிஸ்திரிகள் பட்டறையில் இருக்கும்போதே அது நடக்க வேண்டும்.